அப்பாவின் டைரியும் என் பி.காம். படிப்பும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, பி.பி.ஏ. எடுக்கட்டுங்களா, பி.காம். சி.ஏ. எடுக்கட்டுங்களா? ஒரு காலேஜ்ல நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்னு போர்டு வச்சிருக்காங்க." ஒவ்வொரு மே மாதமும் சொந்தத்தில் நாலு வீட்டிலிருந்தாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அவளிடம் அரை மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பி.காம். சி.ஏ. என்பதில் உள்ள சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆகிற சி.ஏ. வேறு. பிள்ளையைச் சேர்த்துவிட்டு, மூன்று வருடத்தில் ஆடிட்டர் ஆகிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்த பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். பி.காம். முடித்து 55 சதவீதம் இருந்தால் சி.ஏ. இன்டர்மீடியட்டுக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற பயிற்சி, பரீட்சைகள் என்று அது தனிப் பயணம். சேர்க்கும்போதே இதைக் கல்லூரிக்காரர்கள் சொல்ல வேண்டும்.

நான் 2010-இல் சேர்ந்ததும் "படித்து முடித்ததும் வேலை" என்று சொன்ன ஒரு கல்லூரிதான். பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். அப்பா எட்டு விசைத்தறி வைத்திருந்தார். நூல் அவருடையது இல்லை. பாவும் ஊடையும் ஜவுளிக்காரர்கள் கொடுப்பார்கள், நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். தறிச் சத்தத்தில்தான் நான் பத்தாவதுக்குப் படித்தேன். ராத்திரி பகல் என்று தறி ஓடியும் வீட்டில் காசு நின்றதில்லை. "தறி ஓடுது கண்ணு, காசுதான் தங்க மாட்டேங்குது" என்பார் அப்பா.

மூன்றாம் வருடத்தில் மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங் எடுத்த மேடம் ஒரு வேலை கொடுத்தார். வீட்டிலோ தெரிந்த இடத்திலோ உண்மையாக ஓடுகிற ஒரு தொழிலின் கணக்கை எடுத்துவந்து, புத்தகத்தில் படித்ததை எல்லாம் அதில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருத்தி மளிகைக் கடை எடுத்தாள், இன்னொருத்தி தேங்காய்க் களம். நான் அப்பாவின் டைரிகளை எடுத்துக்கொண்டேன். யார் எத்தனை மீட்டர் எடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று பென்சிலில் எழுதியிருப்பார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து ஆள் வாரியாகப் பிரித்தேன். வெளியே நின்ற கூலி மொத்தம் 3,20,000 ரூபாய். ஐந்து பேரிடம். அதில் ஒருவரிடம் மட்டும் 1,85,000, பதினான்கு மாதமாக. அதே நேரத்தில் அம்மாவின் நகை பேங்கில் 1,50,000 ரூபாய்க்கு அடமானத்தில் இருந்தது. அடுத்தவரிடம் வட்டியில்லாமல் நம் காசு கிடக்க, நாம் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். கடனாளிகள் சுழற்சி விகிதம் என்ற, பாக்கி எவ்வளவு வேகமாக வசூலாகிறது என்று காட்டும் கணக்கை அதற்கு முன் எத்தனையோ முறை போட்டு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அது எங்கள் வீட்டைப் பற்றிய கணக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அந்த ஜவுளிக்காரர் வீட்டுக்குப் போனார். முழுசாக வரவில்லை, ஆனால் நகை திரும்பியது.

அந்த மேடத்துக்காக அந்தக் கல்லூரிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். குறையும் சொல்ல வேண்டும். சிறுதொழில் பாடத்தில் முதலீட்டு வரம்பு எவ்வளவு என்று எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்த வரம்பைச் சொல்கிற அதே 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தில், சிறு, குறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் கூட்டு வட்டி என்று இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. மார்க் வருகிற பகுதி வரை நடத்திவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் தறியோ பட்டறையோ இருந்தது. எங்களுக்குத் தேவையான பக்கம் அதுதான்.

இப்போது வருமான வரியும் அதோடு சேர்ந்துகொண்டது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, உத்யம் என்கிற அரசுப் பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கான பணத்தை அந்தக் கெடுவுக்குள் கொடுக்காமல் வருடக் கடைசியில் பாக்கி வைத்தால், கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் முதலில் எடுக்கிற பட்டியல் இது. இதைப் படித்த பிள்ளை வீட்டுக்குப் போய் "அப்பா, உத்யம் பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டாலே போதும், ஒரு செமஸ்டர் ஃபீஸுக்குப் பதில் கிடைத்த மாதிரி.

நான் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். புதிதாக வருகிற பட்டதாரிகள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேகமாக இருக்கிறார்கள். எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரிசிப்ட், எஃப் 7 ஜர்னல் என்று விரல் தானாகப் போகிறது. சந்தோஷம். ஆனால் "நம்ம ஸ்டாக் எவ்வளவு?" என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். புத்தகத்தில் "இறுதிச் சரக்கு ரூ. 50,000" என்று கணக்குக்குக் கீழே ஒரே வரியில் கொடுத்துவிடுவார்கள். திருப்பூரில் சரக்கு ஒரே இடத்தில் இருப்பதே இல்லை. நூல் நிட்டிங்கில் கொஞ்சம், துணி சாயப்பட்டறையில் கொஞ்சம், துணியைச் சீராக்குகிற காம்பேக்டிங்கில் கொஞ்சம், வெட்டின பீஸ் ஜாப் ஒர்க் எடுத்த யூனிட்டில் கொஞ்சம். எல்லாம் நம்முடையது, எதுவும் நம் கூரைக்குக் கீழே இல்லை. டெலிவரி சலான்களைச் சேர்த்து வைத்துக் கூட்டினால்தான் ஸ்டாக். சாயத்துக்குப் போன துணி போன எடையில் திரும்பாது. எவ்வளவு குறைந்தால் இயல்பு நட்டம், எதற்கு மேல் போனால் பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டும் என்பது பிராசஸ் காஸ்டிங் (ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகிற செலவைக் கணக்கிடுவது) பாடம். அதையும் மார்க்குக்காகப் படித்து மறந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

மென்பொருளை மட்டும் நம்புவதில் இருக்கிற ஆபத்தை 2017-இல் கண்ணால் பார்த்தோம். நான் கல்லூரியில் படித்தது வாட் என்கிற பழைய விற்பனை வரி. அதன் படிவங்கள், அதன் விகிதங்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, அவ்வளவும் ஒரே நாளில் பழசாகிவிட்டது. எந்தப் பட்டனை அழுத்துவது என்று மட்டும் தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். வாங்கும்போது கட்டிய வரி நமக்கு வர வேண்டிய சொத்து, விற்கும்போது வசூலித்த வரி நாம் கட்ட வேண்டிய கடன் என்று புரிந்தவர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். இத்தாலியக் கணித அறிஞர் பேச்சியோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட, ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு பக்கமும் எழுதுகிற இரட்டைப் பதிவு முறைதான் இன்றைக்கும் டேலிக்குள் ஓடுகிறது. அது கெட்டியாக இருந்தால் அடுத்து எந்தச் சட்டம் வந்தாலும் பிள்ளைகள் சமாளிப்பார்கள்.

பி.பி.ஏ. பற்றியும் கேட்டாளே. நிர்வாகம் பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கட்டும், அதில் கணக்குப் பாடத்தை மட்டும் தட்டிக்கழிக்கக் கூடாது. எனக்கு வருத்தம் வேறு. கம்யூனிகேஷன் ஸ்கில் என்று இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும் என்பதை ஒரு வருடம் சொல்லித்தருகிறார்கள். ஆங்கிலம் வேண்டும்தான், சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில் எழுத ஆள் தேவைப்படுகிறது. அதே அளவுக்கு, "ஏனுங்ண்ணா, அந்த ஆடி மாச பில்லு இன்னும் நிக்குதுங்க, இந்த வாரம் ஒரு பாதியாச்சும் போட்டு விட்டீங்கன்னா சனிக்கிழமை சம்பளத்துக்கு ஆகுமுங்க" என்று உறவு கெடாமல் பாக்கி கேட்கவும் ஆள் வேண்டும். வசூல் நின்றால் சனிக்கிழமை சம்பளம் நிற்கும், டெய்லர்கள் திங்கட்கிழமை அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஒரு நல்ல கலெக்ஷன் போன் எப்படிப் பேசுவது என்பதை எந்த பி.பி.ஏ. வகுப்பிலும் நடத்தலாம். எங்கள் அப்பாவுக்குக் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை அம்மாவின் நகை.

அதனால் அண்ணன் மகளிடம், பிளேஸ்மென்ட் போர்டைப் பார்க்காதே, கல்லூரிக்குப் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசு என்றேன். உண்மையான கம்பெனியின் ஜி.எஸ்.டி. ரிட்டர்னை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தீர்களா, இன்டர்ன்ஷிப்பில் வேலை பார்த்தீர்களா, சர்டிபிகேட் மட்டும் வாங்கினீர்களா என்று கேட்கச் சொன்னேன்.

கல்லூரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனி நடத்துகிறவர்கள் கதவைத் திறந்தால்தான் இது நடக்கும். மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் கொடுக்கிற ஜி.எஸ்.டி.ஆர். 1, 14-இல் நாம் வாங்கியதற்கான வரி கிரெடிட்டைக் காட்டுகிற 2பி வருகிறது, 20-க்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டுகிற 3பி. அந்தப் பத்து நாள் ஒரு பிள்ளை எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் பில் போடாததால் நம் கிரெடிட் நின்றது, யாருக்கு போன் போட வேண்டும் என்று பார்த்தாலே போதும். ஒரு பேப்பர் படித்ததற்குச் சமம்.

போன வாரம் எங்கள் முதலாளியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேரு வரட்டுங்க. ஆனா பார்ட்டி ரேட்டு எதுவும் வெளிய போகக் கூடாதுங்க" என்றார். சரிங்க என்று சொல்லியிருக்கிறேன். திருப்பூர், பல்லடம் பக்கம் பி.காம்., பி.பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். வீட்டில் தறிக் கணக்கோ கடைக் கணக்கோ எழுதின டைரி இருந்தால், வரும்போது அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.