டிரெண்டா, மவுசா?

தீபாவளிக்குச் சட்டை எடுக்கக் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைப் பையன் தொளதொளவென்று ஒன்றைப் பிரித்துப் போட்டான். தோள்பட்டைத் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இதுதாண்ணா இப்ப டிரெண்டு."

"பொங்கல் வரைக்கும் தாங்குமா தம்பி?"

"பொங்கலுக்கு வேற வந்துரும்ணா!"

அப்புறம் எப்படி அது டிரெண்டு?

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உருளுவது, திரும்புவது என்று பொருள். பிறகு ஆறும் கடற்கரையும் எந்தப் பக்கமாக வளைந்து போகின்றன என்று சொல்லப் பயன்பட்டது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் புதுச்சேரிப் பக்கமாகக் கரை போகிறதே, அந்தப் போக்குதான் டிரெண்டு. ஓர் அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போவது அதில் சேராது. புதுச்சேரியில் 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே நின்றுவிட, நகரத்துக் கடற்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெறும் பாறையானது. வருஷக்கணக்கில் ஒரே பக்கமாக நடந்தது அது. அதைச் சொல்லுங்கள் டிரெண்டு என்று, ஒத்துக்கொள்கிறேன்.

2008இல் டுவிட்டர் டிரெண்டிங் பட்டியல் போட ஆரம்பித்ததும் சொல் குப்புறக் கவிழ்ந்தது. தினமும் லட்சம் பேர் பேசுகிற விஷயத்தைவிட, திடீரென்று எகிறுகிற விஷயத்துக்குத்தான் அதில் முன்னுரிமை. காலையில் ஏறியது சாயங்காலம் காணாமல் போகும். (பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'வோக்' என்பார்கள். படகு வலிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பாண்டிச்சேரிக்குப் பொருத்தமான சொல்தான், ஆனால் அங்கேயும் டிரெண்டு என்றுதான் சொல்கிறார்கள்.)

நம்மிடம் மவுசு என்று அருமையான சொல் இருக்கிறது. மவுசு ஏறும், குறையும், ஒருநாள் போயே போய்விடும். "அந்தக் காலத்துல டெரிலின் சட்டைக்கு என்னா மவுசு" என்று என் மாமா சொல்லும்போதே அது போய்விட்டது என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. டிரெண்டு என்ற சொல்லுக்கு இந்த அடக்கம் கிடையாது, ஏதோ உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது போல ஒரு தோரணை. நீங்கள் மட்டும் திரும்பவில்லை என்று குத்திக்காட்டத்தான் வியாபாரிகளுக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தனித்தமிழ் பேச வரவில்லை, நானும் வாய் தவறி டிரெண்டு என்கிறவன்தான். ஒரு வாரக் கூத்துக்கு மவுசு, பல வருஷ நகர்வுக்குப் போக்கு என்று பிரித்துச் சொன்னால் எதற்குக் காசு செலவழிக்கிறோம் என்றாவது தெரியும்.

சரி, சட்டைக்கு வருகிறேன். கடை வாசலில் ஒரு கூடை இருந்தது. போன தீபாவளி டிரெண்டு, எதை எடுத்தாலும் 150 ரூபாய். இரண்டு எடுத்தேன். தையல் தோளிலேயே இருக்கிறது.