அந்தத் துப்பாக்கியில் தொலைநோக்கி இல்லை

ஃபின்லாந்தின் ஸ்னைப்பர், அதாவது மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர், சிமோ ஹாய்ஹாவைப் பற்றிக் கடந்த வாரம் ஓடிய அந்தக் காணொளியை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. எனக்கு அதை அனுப்பியவர்கள் மட்டுமே பதினோரு பேர் என்பதால், பார்க்காதவர் எவரும் என் நட்பு வட்டத்தில் இருக்க வாய்ப்பில்லை. அதன் கீழே நான் மரியாதையாக எழுதிய நான்கு வரிப் பின்னூட்டத்திற்கு எனக்குக் கிடைத்த பட்டம், "அருங்காட்சியகக் கணக்குப்பிள்ளை". மறுநாள் பின்னூட்டத்தையும் காணவில்லை, காணொளியை வெளியிட்ட பக்கமும் எனக்குத் தெரியாதபடி தடுக்கப்பட்டுவிட்டது. எனவே அங்கே நான்கு வரியில் சொன்னதை என் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்து விரித்துச் சொல்கிறேன். சிமோ ஹாய்ஹாவின் துப்பாக்கியில் தொலைநோக்கி இல்லை.

காணொளியில் காட்டப்பட்டது, நீண்ட ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பொருத்திய ஒரு துப்பாக்கி. பின்னணிக் குரல் அதை "பனிப்போரில் ரஷ்யர்களை நடுங்கவைத்த ஸ்னைப்பர் ரைஃபிள்" என்கிறது. பனிப்போர் என்பது அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பல பத்தாண்டுகள் முறைத்துக்கொண்டு நின்றது. பனியில் நடந்த போர் எல்லாம் பனிப்போர் ஆகிவிடாது. ஹாய்ஹா நின்று சுட்டது, ஃபின்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே 1939 நவம்பர் 30 அன்று தொடங்கி 1940 மார்ச் 13 அன்று முடிந்த குளிர்காலப் போரில், கொல்லா என்னும் போர்முனையில். அவர் ரவுத்யார்வி ஊர்க்காரர். உழவர், வேட்டைக்காரர், ஊர்க்காவல் படையில் பயிற்சி பெற்றவர். அவர் கையில் இருந்தது அந்தப் படைக்காக சாகோ தொழிற்சாலை செய்த எம் 28-30 என்னும் துப்பாக்கி. அதன் குழல் நுனியில் குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறியின் இருபுறமும் நிற்கும் இரும்புக் காப்புகள் நாயின் நிமிர்ந்த காதுகளைப் போலத் தெரிவதால், காது நிமிர்ந்த அந்நாட்டு நாயினத்தின் பெயரான பிஸ்துகொர்வா என்பதே அதற்குச் செல்லப்பெயர் ஆயிற்று. அந்த இரும்புக் குறியை வைத்துத்தான் அவர் சுட்டார். தொலைநோக்கி இல்லை.

"இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று கேட்டவருக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இரண்டு குளிர்காலங்கள் நான் ஃபின்லாந்தின் லப்பேன்ரந்தா நகரில் வேலை பார்த்தவன். சிறுவயது முதல் கண்ணாடி அணிபவன். வெப்பமானி மைனஸ் இருபத்தைந்தைக் காட்டிய ஒரு காலையில் வாயைச் சுற்றிக் கம்பளித் துண்டைக் கட்டிக்கொண்டு பேருந்துக்கு நின்றேன். மூச்சுக்காற்று துண்டுக்குள்ளிருந்து மேலே ஏறிக் கண்ணாடியில் படிந்து, படிந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. துடைத்தால் கீறல் விழுகிறது, துடைக்காவிட்டால் உலகமே வெள்ளை. நான் ஏற வேண்டிய பேருந்து என் முன்னே வந்து நின்று, எண்ணைப் படிக்க முடியாமல் நான் நின்றுகொண்டே இருக்க, அது போய்விட்டது. கொல்லாவில் அந்த ஆண்டு மைனஸ் நாற்பது வரை போயிற்று. அந்தக் குளிரில் ஒருவர் கண்ணுக்கு அருகே கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு பனியில் மணிக்கணக்கில் படுத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அதுமட்டுமன்று, ஸ்கோப் குழலுக்கு மேலே உட்காருவதால் அதன் வழியே பார்ப்பவர் தலையைச் சற்று உயர்த்தியாக வேண்டும், அந்தச் சற்று உயரம்தான் எதிரியின் ஸ்னைப்பருக்குத் தேவைப்படுவது. வெயிலில் வில்லை மின்னினாலும் இடம் தெரிந்துவிடும். அவர் தொலைநோக்கியைத் தவிர்த்ததற்குச் சொல்லப்படும் காரணங்கள் இவையே. அதாவது, அது இல்லாமை அவருடைய குறையன்று, அவருடைய கலை. அந்தக் கலையை அழித்துவிட்டு அதன் மேல் ஒரு ஸ்கோப்பை ஒட்டுவதற்கு அந்தப் பக்கத்தாரிடம் "அடையாளப் படம்" என்று பெயராம். காந்தியின் கையில் வாளைக் கொடுத்துவிட்டு அதையும் அடையாளப் படம் என்பீர்களா?

அப்படியானால் ஃபின்லாந்து இராணுவத்தில் ஸ்கோப் வைத்த துப்பாக்கிகளே இல்லையா என்று கேட்டால், இருந்தன. மிகக் குறைவாக இருந்தன. அவற்றின் கதை வேறு. அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நானே அந்தக் காணொளியைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பேன். 1937இல் எம் 27 துப்பாக்கியின் மேல் ஹெல்சிங்கியின் ஃபிசிகா நிறுவனம் செய்த தொலைநோக்கியைப் பொருத்தினார்கள். அது நாம் படங்களில் பார்க்கும் மெல்லிய குழாய் போன்றதன்று. ப்ரிஸம் வைத்த, பெட்டி போலப் பருத்த கருவி. பிறகு, "உக்கோ பெக்கா" என்று முன்னாள் குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுவுட்டின் பட்டப்பெயரால் அழைக்கப்பட்ட எம் 39இன் மேல் ஜெர்மானிய ஆயாக் ஸ்கோப்பை வைத்து எம் 39-43 வந்தது. இவற்றுக்கு நடுவே, சோவியத் வீரர்களிடமிருந்து கைப்பற்றிய ஸ்கோப் துப்பாக்கிகளையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். ரிசீவர் என்னும் அடிப்படைப் பாகத்தையோ அவர்கள் ரஷ்ய மோசின் துப்பாக்கியிலிருந்து உருவான இந்த வகைகள் எதற்கும் புதிதாகச் செய்ததே இல்லை. ரஷ்யப் பேரரசு விட்டுச் சென்றவை, வெளிநாடுகளில் விலைக்கு வாங்கியவை, போரில் பிடித்தவை ஆகியவற்றுக்கே புதுக் குழலும் புதுக் கட்டையும் போட்டார்கள். 1980களின் நடுவில் புதிய ஸ்னைப்பர் துப்பாக்கியாக டிகேஐவி 85 செய்தபோதும் உள்ளே இருந்தது பழைய மோசின் ரிசீவர்தான். பகைவனின் இரும்பைத் தேய்த்துத் தேய்த்து நூறு ஆண்டுகள் ஓட்டிய இந்தச் சிக்கனத்தைப் பற்றி அந்தப் பதினாறு நிமிடத்தில் ஒரு சொல் இல்லை.

"நாஜிகளோடு சேர்ந்து போரிட்ட நாட்டுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1941 முதல் 1944 வரை நடந்த தொடர்ச்சிப் போரில் ஃபின்லாந்து ஜெர்மனியின் பக்கம் நின்றது. அதை நான் மறைக்கவில்லை, அந்த ஆயாக் ஸ்கோப்பே அதற்குச் சாட்சி. எந்தத் துப்பாக்கியில் எந்த நாட்டு வில்லை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால், அந்த நாடு எந்த ஆண்டில் யாரோடு கைகுலுக்கியது என்பதும் தெரியும். 1939இன் ஆளுக்கு 1943இன் ஸ்கோப்பை மாட்டினால் அந்தச் சாட்சியும் குழம்பிப் போகும் என்பதற்காகத்தான் ஐயா நான்கு வரி எழுதினேன்.

இன்னொருவர் எனக்கு ஆயுத மோகம் என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் வாழ்நாளில் தொட்ட ஒரே துப்பாக்கி, கல்லூரி என்.சி.சி.யில் கொடுத்த .22தான், அதிலும் ஐந்து குண்டில் மூன்று அட்டையிலேயே படவில்லை. ஆயுத மோகம் யாருக்கு? திரையின் மூலையில் ஒவ்வொரு சாவுக்கும் எண் ஏறிக்கொண்டே போக, கிரிக்கெட் ஸ்கோர் போல 542 வரை ஓட்டி, அதற்குப் பறையிசையும் சேர்த்தவர் யார்? சிலர் 505 என்பார்கள், சிலர் 542 என்பார்கள். எந்த எண்ணானாலும் அவர்கள் அந்தப் பனியில் இறந்து கிடந்த மனிதர்கள். ஹாய்ஹா 1940 மார்ச் 6 அன்று இடது தாடையில் குண்டடி பட்டு விழுந்தவர். நினைவு திரும்பியது மார்ச் 13 அன்று, போர் முடிந்த நாளில். அதன் பிறகு 2002 வரை, சிதைந்த முகத்தோடு அறுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். வேட்டைக்குப் போனார், நாய் வளர்த்தார். தனக்கு இட்ட பணியை இயன்றவரை செய்தேன் என்ற பொருளில்தான் அவர் பேசினாரே தவிர, எண்ணிக்கையைப் பாட்டாகப் பாடவில்லை.

அவர் ஊரில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு கோடையில் நான் அங்கே போயிருக்கிறேன். வந்தவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். அங்கே யாரும் என்னைக் கணக்குப்பிள்ளை என்று சொல்லவில்லை. மூன்று லட்சம் பேர் பின்தொடரும் பக்கத்துக்கு என் நான்கு வரியால் என்ன நட்டம் வந்திருக்கும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. "சரிபார்க்கிறோம்" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும், நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்பெட்டியில் ஒரு நண்பரின் செய்தி வந்தது: "எல்லாம் சரி அண்ணா, ஆனால் அவர் வைத்திருந்த ஸ்கோப் எந்த கம்பெனி?"