ஆதார் போதும்னு நோட்டீஸ் அடிக்கிறவங்களுக்கு

கேரளாவில் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். காசி, கயா, அயோத்தி, அப்படியே எல்லை ஊரான சுனௌலி வழியாக நேபாளம், முக்திநாத், பசுபதிநாத். சாப்பாடு நம்ம ஊர் சமையல்காரர். அடியில் கொட்டை எழுத்தில் “பாஸ்போர்ட் தேவையில்லை, ஆதார் போதும்.”

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி பாதிப் பேருக்குப் பொய். அந்தப் பொய்யால் அவதிப்படுவது நோட்டீஸ் அடித்தவர் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அரசுச் சேவைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் அக்ஷயா மையத்தில் உட்காருகிறவள். சித்தூர் தாலுகாவில் எங்கள் பக்கம் தமிழ்க்காரர்கள்தான் அதிகம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருப்பதைப் பதியும் மஸ்டரிங் செய்ய, எல்லாவற்றுக்கும் மஞ்சள் பையில் கார்டுகளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வந்ததும் முதலில் மேஜைமேல் விழுவது ஆதார்தான். சிலிண்டருக்கு ஆதார், பேங்குக்கு ஆதார், சிம்முக்கு ஆதார். இத்தனைக்கும் செல்லுகிற அட்டை எல்லையில் மட்டும் ஏன் செல்லாது என்று அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததுதான் தப்பு.

விஷயம் இதுதான். 1950 ஜூலை 31-இல் இந்தியாவும் நேபாளமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி இரு நாட்டுக் குடிமக்களும் அடுத்த நாட்டில் போகலாம், வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். விசா கிடையாது. தரை வழியாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்த மாட்டார்கள். ஆனால் இந்தச் சலுகை குடிமக்களுக்கு மட்டும். நீ இந்தியக் குடிமகள்தானா என்று ஒருவர் கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். பாஸ்போர்ட் அதைச் சொல்லும். வாக்காளர் அட்டையையும் ஏற்றுக்கொள்வார்கள், குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்பதால். ஆதார் அதைச் சொல்லாது. ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவிலேயே இது குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று எழுதியிருக்கிறது. 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் வசித்தால் வெளிநாட்டுக்காரரும் ஆதார் எடுக்கலாம். இங்கே வந்து தங்கியிருக்கும் நேபாளக் குடிமகன் கையிலும் ஆதார் இருக்கும். அதே அட்டையைக் காட்டி நான் இந்தியர் என்று நாம் சொன்னால் சோதிக்கிறவர் எதை வைத்து நம்புவார்?

ஒரு விலக்கு உண்டு, குழப்பமே அங்கேதான். 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் 65-ஐத் தாண்டியவர்களும் நேபாளம், பூட்டான் போக ஆதாரைக் காட்டலாம் என்று 2019 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் சொன்னது. செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள் வயதை விட்டுவிட்டு ஆதாரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் இருக்கும் 15 முதல் 65 வரைக்காரர்கள் நோட்டீஸை நம்பி, பீரோவில் சும்மா கிடக்கும் வாக்காளர் அட்டையை எடுக்காமலே வண்டி ஏறுகிறார்கள். அந்த அட்டை கையில் இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இதைச் சொன்னால் உடனே நாலு பேர் வருவார்கள். “நாங்க போனோமே, ஒருத்தனும் கேக்கல.” ஒத்துக்கொள்கிறேன். நானும் என் அம்மாவோடு அதே மாதிரி ஒரு யாத்திரையில் சுனௌலியைத் தாண்டியவள்தான். கோரக்பூரிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி, இரண்டு பக்கமும் கடை நெருங்கின தெருவில், சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் லாரிக்கும் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எல்லையைக் காக்கும் எஸ்.எஸ்.பி. படை ஜவான் எங்கள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். நெற்றியில் விபூதி, கையில் தண்ணீர் பாட்டில், எல்லோரும் நரைத்த தலை. கையசைத்துப் போகச் சொல்லிவிட்டார். அந்த வளைவைத் தாண்டினால் பெலஹியா, நேபாளம். கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னால் திருப்பி வைப்பது ஒன்றுதான் வேலை.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் நேபாளத்திலிருந்து இந்தியாவுக்குள் வந்த ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். இருபது வயதுக்குள் இருக்கும். முதுகில் சின்னப் பை. கூட வந்த ஆள் அவளுக்கு என்ன உறவு, எங்கே போகிறாள், அங்கே யாரைத் தெரியும் என்று சீருடையில்லாத இரண்டு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்களைக் கடத்திக்கொண்டு போவதைத் தடுக்க நேபாளத் தொண்டு அமைப்புகள் அந்த எல்லையில் ஆள் போட்டிருக்கின்றன. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த எல்லை என்று நாம் சொல்வது யாருக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது அங்கே ஐந்து நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும். எங்களிடம் யாரும் எதுவும் கேட்காததற்குக் காரணம் எங்கள் பையில் இருந்த அட்டை இல்லை. எங்கள் வயசும் வேஷமும்.

ஆக, உள்ளே போவது கஷ்டமே இல்லை. போன பிறகு ஏதாவது நடந்தால்தான் அட்டைக்கு வேலை.

எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணன், தங்கை வந்திருந்தார்கள். அவருக்கு 71, அந்த அம்மாவுக்கு 60. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே. அந்தக் குளிரிலும் 108 தாரையிலும் குளித்தே ஆக வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாகக் குளித்தார். இறங்கி வரும் வழியில் மூச்சு வாங்க ஆரம்பித்து, பொக்காராவில் ஆஸ்பத்திரி. இரண்டு நாள் கழித்து டாக்டர், இவரைப் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், விமானத்தில் போங்கள் என்றார். எல்லோரும் பணம் போட்டு காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு டிக்கெட் எடுத்தோம். கவுன்ட்டரில் பெரியவரின் ஆதாரை வாங்கிப் பிறந்த வருஷத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். தங்கையின் ஆதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாக்காளர் அட்டை இருக்கிறதா? வீட்டில் இருக்கிறது. பாஸ்போர்ட்? எடுத்ததே இல்லை.

அந்த அம்மா கவுன்ட்டரை விட்டு நகராமல் கேட்டார். “ஏனுங் கண்ணு, எங்கண்ணனுக்கு ஆகற அட்டை எனக்கு ஆகாதா? ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?” இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியும் பிரயோஜனம் இல்லை, அந்தப் பையன் விதியைத்தான் பார்க்கிறான். இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்று வாங்கலாம், அதைக் காட்டி ஒரு தடவை ஊர் திரும்பலாம். அதற்கு அங்கேயே தங்கி அலைய வேண்டும். பெரியவருக்கோ நேரம் இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டை வைத்திருந்த சமையல் உதவிப் பையன் அவரோடு விமானம் ஏறினான். தங்கை என்னோடும் அம்மாவோடும் பஸ்ஸில் வந்தார். நாராயண்காட் தாண்டினால் ரோடா அது. ராத்திரி முழுக்க அந்த அம்மா கண் மூடவில்லை. விடிந்து சுனௌலி வந்து சேர்ந்தால், அவரிடம் யாரும் ஒரு அட்டையும் கேட்கவில்லை. நடந்தே இந்தியாவுக்குள் வந்துவிட்டார்.

பெரியவர் தேறிவிட்டார், கவலை வேண்டாம். யாத்திரை நடத்தியவரிடம் கேட்டதற்கு, “விமானத்துல போவீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? நோட்டீஸ்ல பஸ்னுதானே போட்டிருக்கேன்” என்றார். இதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது.

பூட்டானில் இந்தக் கதையே நடக்காது, வாசலிலேயே தெரிந்துவிடும். நம் பக்கத்து ஜெய்கானிலிருந்து ஃபுன்ட்ஷோலிங் வழியாகப் பூட்டானைச் சுற்றிப் பார்க்க இந்தியருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த வயது விலக்கில் வராதவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இல்லையென்றால் பேச்சே இல்லை. 2022 செப்டம்பரிலிருந்து ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் கட்டணமும் உண்டு. கறார்தான். ஆனால் கறாரான எல்லையில் ஏமாறுகிறவர்கள் குறைவு. நேபாள எல்லை இளகியிருப்பதால்தான் அதைச் சொல்லி டிக்கெட் விற்க முடிகிறது.

அதற்காக நேபாள எல்லையிலும் எல்லோரிடமும் பாஸ்போர்ட் கேள் என்று நான் சொல்லவில்லை. சொல்லவே மாட்டேன். எல்லையில் குடியிருக்கிறவர்களுக்கு அந்த வேதனை தெரியும். 2020-இல் கொரோனாவின்போது எங்களுக்கு நடந்ததை மறந்துவிட்டீர்களா? தமிழ்நாட்டு எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சந்தைக்குப் போகிற மாதிரி போய் வந்த வழிகள். பொள்ளாச்சியில் மருந்து, கோயம்புத்தூரில் டாக்டர், அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள். திடீரென்று அங்கே போக இ-பாஸ், இங்கே வர கேரள அரசின் ஜாக்ரதா போர்ட்டலில் பதிவு. மே மாதம் வாளையாறில் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் இந்தப் பக்கமும் வர முடியாமல் அந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் வெயிலில் உட்கார்ந்திருந்ததை எல்லா சேனலும் காட்டின. அடுத்த வருஷம் ஆகஸ்டில் கேரளாவிலிருந்து தமிழ்நாடு போக ஆர்டிபிசிஆர் அல்லது இரண்டு ஊசி போட்ட சான்று. நோய்க்காகத்தான், சரி. ஆனால் சொந்த நாட்டில் என் அத்தை வீட்டுக்குப் போக நான் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேற்று நாட்டுக்குள் போகப் படவில்லை. காகிதம் இல்லாமல் போய் வரக் கொடுத்து வைத்த ஓர் எல்லை இந்தியாவுக்கு இருக்கிறதென்றால் அது இருக்கட்டும்.

எல்லை மூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களே சாட்சி இருக்கிறார்கள், மணிப்பூரில் பர்மா எல்லையை ஒட்டிய மோரேயில். 1960-களில் பர்மாவிலிருந்து கிளப்பிவிடப்பட்ட நம் ஆட்கள் மறுபடி அங்கேயே போய்விடலாம் என்று தரை வழியாகக் கிளம்பி, எல்லையில் விடாததால் அந்தக் கரையிலேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் மோரேயில் அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

சரி, நம் ஊர் சிக்கலுக்கு வருகிறேன். வாக்காளர் அட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடாது. அதில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்தீர்களா? தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால் வரும். இங்கே கேரளாவில் பின்னால் போடுவார்கள். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயரை முழுசாக நீட்டி ஒரு மாதிரி. போதாததற்கு வீட்டுப் பெயர். மலையாளிக்குத் தலைமுறையாக வீட்டுப் பெயர் உண்டு. நமக்கு ஏது? படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று யாரோ ஓர் எழுத்தர் ‘கிழக்கேகளம்’ என்று எழுதிவைத்தார், இன்றைக்கும் அந்தக் குடும்பம் அந்தப் பெயரைச் சுமக்கிறது. உள்ளூரில் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வெளியூர்க் கவுன்ட்டரில் டிக்கெட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றால் சிரிக்க மாட்டார்கள். டிக்கெட் போடும்போதே காட்டப்போகிற அட்டையில் இருக்கிற எழுத்தை அப்படியே பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

முடிந்தால் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள். வயசான காலத்தில் எதற்கு என்று கேட்கிறார்கள். வயசான காலத்தில்தானே காசிக்குப் போகிறீர்கள்? 36 பக்கப் புத்தகம், பத்து வருஷம் செல்லும், 1,500 ரூபாய், 60 தாண்டினவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்ற கட்டாயம் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு வேறு தாள்கள் செல்லும். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருப்பவர்கள், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், மற்ற அட்டைகளிலும் அதே தேதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தங்கை அம்மா போன மாதம் மையத்துக்கு வந்து பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார். வெரிஃபிகேஷனுக்கு வந்த போலீஸ்காரர் வீட்டுப் பெயரைச் சொல்லி அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டில் விசாரித்திருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. “மாட்டுக்காரர் வீடுன்னு கேட்டிருந்தா பச்சைப்புள்ள காட்டும்” என்கிறார் அந்த அம்மா. ரிப்போர்ட் இன்னும் போகவில்லை.