ரன்னிங் ஆட்டம் செத்துவிட்டதாம், யார் சொன்னது?

"அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இனி பாஸிங் அணிதான் கோப்பை வாங்கும், 2019 எல்எஸ்யூவைப் பாருங்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பந்தைக் கையால் வீசி முன்னேறுவது பாஸிங், பந்தோடு ஓடி முன்னேறுவது ரன்னிங்; அந்த சீசனில் கோப்பை வாங்கிய லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணிதான் எல்எஸ்யூ. பதிவு சொல்வது தவறு. 2023 சீசன் இறுதிப் போட்டியில், நாட்டிலேயே அதிக யார்ட் பாஸ் வீசிய மைக்கேல் பெனிக்ஸின் வாஷிங்டனை, ஓடியே 303 யார்ட் எடுத்த மிச்சிகன் 34-13 என்று சாத்தியது. மிச்சிகனின் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசும் ஆட்டக்காரர்) மெக்கார்த்தி பாஸில் சேர்த்தது வெறும் 140 யார்ட். அதற்கு முன் நவம்பரில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக, இரண்டாம் பாதி முழுக்க அவர் கணக்கில் ஒரு பாஸ்கூட ஏறவில்லை, அப்படியும் 24-15 வெற்றி.

அதற்காக "ஓடினாலே போதும்" என்று எதிர்க்கட்சி கிளம்புவதும் சரியில்லை. அதே சீசனின் அரையிறுதியான ரோஸ் போலில் மிச்சிகன் அலபாமாவிடம் தோற்கப்போன நேரத்தில், ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது சமன் செய்தது மெக்கார்த்தியின் பாஸ்தான், ஓவர்டைமில் வென்று கொடுத்தது அதே அணியின் பிளேக் கோரமின் ஓட்டம்.

அப்புறம் அந்த எல்எஸ்யூ. அதன் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுக்கும் பாஸ்) வீசினார், உண்மை. அதே அணியில் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 1,400 யார்டுக்கு மேல் ஓடியதைப் பதிவு போட்டவர் வசதியாக விட்டுவிட்டார்.