செரிஃப் எடுக்கும்போது அழகைப் பார்க்காதீங்க, அளவைப் பாருங்க

'கொஞ்சம் கிளாசிக்கா வேணும், செரிஃப் போடுங்க' என்று வாடிக்கையாளர் சொன்னதுமே பலருக்குக் கை நேராகப் போவது பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற ஃபான்ட் பக்கம். (செரிஃப் என்பது கோடுகளின் நுனியில் சின்னக் கொம்புபோல நீட்டியிருக்கும் ஆங்கில எழுத்து வகை.) தலைப்புக்கு அழகுதான், மறுக்கவில்லை. அதையே 10 பாயின்டில் நாலு பத்திக்கும் இழுத்துவிடுவதைத்தான் சகிக்க முடியவில்லை. டிஸ்ப்ளே, அதாவது பெரிய தலைப்புக்கானது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே!

ஒரு சின்னக் கணக்கு. 1000 அலகு உயரச் சட்டத்தில் வரைந்த ஃபான்டில் மெல்லிய கோடு 20 அலகு என்று வைத்துக்கொள்வோம். 72 பாயின்டில் அது அரை மில்லிமீட்டர் வரும். 10 பாயின்டில் வெறும் 0.07 மி.மீ. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் எப்படியோ தப்பிக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் சுற்றியுள்ள மை பரவி அந்தக் கோட்டை விழுங்கிவிடும். அந்தக் கறுப்பும் நாலு கலரையும் கலந்தது என்றால், அச்சுப் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். திரையிலும் இதே கதைதான். 16 பிக்சல் எழுத்தில் அந்தக் கோடு 0.32 பிக்சல். மூன்றில் ஒரு பங்கு பிக்சலை யாராலும் காட்ட முடியாது, வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் பெரிய வேறுபாடு உள்ள போடோனி வகை ஃபான்டுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டினார்கள். 6 பாயின்ட் எழுத்து சற்று அகலமாக, கோடு தடித்து, இடைவெளி தாராளமாக இருக்கும். பெரிய அளவில்தான் மெலிவும் நளினமும். கணினி வந்தபின் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் இழுத்துப் பழகிவிட்டோம். இப்போது ஆப்டிகல் சைஸ் என்ற பெயரில் அந்த வசதி திரும்பியிருக்கிறது. சோர்ஸ் செரிஃப் 4, நியூஸ்ரீடர், லிட்டராட்டா மூன்றிலும் உண்டு, மூன்றும் இலவசம். உள்ளடக்கத்துக்கு இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, தலைப்புக்கு மட்டும் உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

டைம்ஸ் நியூ ரோமனைத் திட்டுவது ஒரு ஃபேஷன். பாவம், அது 1932இல் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக வந்தது. குறுகிய பத்தியில் நிறையச் சொற்களை அடைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதை ஏ4 தாளின் முழு அகலத்துக்கும் 12 பாயின்டில் ஓடவிட்டால் வரிக்கு 90 எழுத்தைத் தொடும். ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிக் கண் அலையும். 60, 70 எழுத்துக்குள் வரியை நிறுத்தி, வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.3 மடங்கு வைத்துப் பாருங்கள், அதே ஃபான்ட் உருப்படியாகத் தெரியும்.

தமிழோடு சேர்க்கும்போது வேறு தலைவலி. நம் ஃபான்டுகள் பெரும்பாலும் ஒரே தடிமனில் ஓடுபவை. பக்கத்தில் போடோனியை வைத்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் பேசுவதுபோல இருக்கும். தடிப்பும் மெலிவும் உள்ள நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றோடு, வேறுபாடு மிதமான ஆங்கில செரிஃபைச் சேருங்கள். ஒரே பாயின்ட் கொடுத்தாலும் ஆங்கிலச் சின்ன எழுத்து பெரும்பாலும் பொடிசாகத் தெரியும். தமிழின் 'ப' உயரத்தோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தை 5 முதல் 10 சதவீதம் ஏற்ற வேண்டிவரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இதை ஒவ்வொரு சொல்லாகச் செய்யாதீர்கள். பாராகிராஃப் ஸ்டைலுக்குள் ஜிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட வகை எழுத்துகளைத் தேடிப்பிடித்து மாற்றும் விதி) ஒன்று போட்டால் ஆங்கில எழுத்து வரும் இடமெல்லாம் தானே மாறும். இணையப் பக்கத்தில் ஆங்கில ஃபான்டை முதலிலும் தமிழை இரண்டாவதாகவும் எழுதுங்கள். மாற்றி எழுதினால், தமிழ் ஃபான்டுக்குள்ளேயே ஆங்கிலமும் இருக்கும் பட்சத்தில் அதுதான் வந்து நிற்கும். நீங்கள் தேடித் தேடி எடுத்த செரிஃப் கடைசிவரை திரைக்கே வராது.

இட்டாலிக் பட்டனைத் தமிழில் தொடவே தொடாதீர்கள். சாய்வு வடிவம் தனியாக இல்லாத ஃபான்டை மென்பொருள் வலுக்கட்டாயமாகச் சாய்க்கும், 'ழ'வும் 'ஐ'யும் கோணிக்கொண்டு நிற்கும். மேற்கோள் குறி போதும்.

அப்புறம் எண்கள். ஜார்ஜியா திரைக்காகவே செய்த நல்ல எழுத்து. ஆனால் அதன் 3, 4, 5, 7, 9 எல்லாம் வரிக்குக் கீழே தொங்கும். கட்டுரையில் அழகு. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரமும் கைபேசி எண்ணும் போடும் இடத்தில் மேலும் கீழுமாக ஆடும். அந்த வரிக்கு மட்டும் எண்கள் ஒரே உயரத்தில் நிற்கும் செரிஃப் ஒன்றை மாற்றிப் போட்டுவிடுங்கள்.