அதே குளிசை, வருஷத்துக்கு 13 தரம்

அம்மாவுக்கு பிரஷர் வந்து இருபத்திரண்டு வருஷம். அது இனி மாறப் போவதில்லை என்று அவவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டொக்டருக்கும் தெரியும். எங்கள் ஜீ.பி. சேர்ஜரிக்கு, அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக்குக்கு மட்டும், 28 நாளுக்கு ஒருக்கால் அது மறந்துபோகும். நான் அதே குளிசையை முதலில் இருந்து கேட்டு, காத்திருந்து, கெஞ்சி வாங்க வேண்டும்.

28 நாள் என்றால் வருஷத்துக்கு 13 தரம். ஏன் இரண்டு மாதத்துக்கு ஒருமிக்கத் தரக்கூடாது என்று கேட்டேன். "பொலிசி" என்றார்கள். அந்தச் சொல் வந்தால் அதுக்கு மேலே காரணம் கேட்கக்கூடாது. அம்மாவுக்கு அறுபது தாண்டியதால் குளிசைக்குக் காசு கட்டத் தேவையில்லை, சரி. எனக்கு ஒரு கொலஸ்ட்ரோல் குளிசை இருக்கிறது. இங்கிலாந்தில் அதுக்கு ஒவ்வொரு தரமும் 9.90 பவுண். 56 நாளுக்கு எழுதினால் பாதிக் காசு மிச்சம். வேல்ஸிலோ ஸ்கொட்லாந்திலோ இருந்திருந்தால் ஒரு சதமும் இல்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

முந்தி அம்மாவே போவா. மருந்துப் பையோடு வரும் சீட்டில் வேண்டியதுக்குப் பேனையால் சரி போட்டு, சேர்ஜரி வாசல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வரும் வழியில் கீரையும் வாங்கிக்கொண்டு வருவா. ஒரு நாள் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். போனிலும் சொல்ல முடியாது, பாமசிக்காரரும் அவவுக்காகக் கேட்க முடியாது. எல்லாம் செயலியில்தானாம். அம்மாவுக்கு ஈமெயில் இல்லை. அவவுக்காக நான் பார்க்க அனுமதி வேண்டிப் படிவம் நிரப்பி, அவவின் பாஸ்போட்டையும் என்னுடையதையும் கொண்டுபோய்க் காட்டியது தனிக்கதை.

இனி நாள் கணக்கு. குளிசை முடிய ஏழு நாளுக்கு மேல் இருக்கக் கேட்டால் "நேரத்தோடு கேட்கிறீர்கள்" என்று தள்ளிவிடுவார்கள். பிந்திக் கேட்டால் இரண்டு வேலை நாள் வேண்டுமாம். அதுக்குப் பிறகு பாமசிக்கும் ஒரு நாள், இரண்டு நாள். அம்மாவின் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மருந்து மூன்றும் ஒரே நாளில் முடியும் என்றால் இதையாவது சமாளிக்கலாம். ஒருக்கால் சீனிக் குளிசை மெட்ஃபோர்மின் கையிருப்பில் இல்லாமல் பத்து நாள் பிந்தி வந்தது. அன்றையில் இருந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு கிழமையில் முடிகிறது. எங்கள் குசினி கலண்டரில் சனிபிடித்த மாதிரி வட்டங்கள்.

இந்த ஈஸ்டருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரிய வெள்ளிக்கு முதல் நாள், வேலை முடிந்து ஓடிப்போய்ப் பையை எடுத்தேன். திறந்து பார்த்தால் சீனிக் குளிசையும் கொலஸ்ட்ரோல் குளிசையும் இருக்கிறது, பிரஷர் குளிசை அம்லோடிபின் இல்லை. "சேர்ஜரியில இருந்து அனுப்பேல்லை" என்றார் பாமசிக்காரர். சேர்ஜரிக்கு நடந்தேன். "செவ்வாய்க்கிழமையே அனுப்பியாச்சு" என்றது ரிசெப்ஷன் பிள்ளை, கணினியை விட்டுத் தலையெடுக்காமல். திரும்பவும் பாமசி. அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், இரண்டு மருந்துதான். திரும்பவும் சேர்ஜரி. அப்போதுதான் அந்தப் பிள்ளை வடிவாகப் பார்த்துச் சொன்னது: மருந்து சரிதானா என்று டொக்டர் திரும்பப் பார்க்கும் மீளாய்வுத் திகதி தாண்டிவிட்டதாம், அதனால் அந்த ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

நிறுத்தினதை யாருக்குச் சொன்னார்கள்? ஃப்ளூ ஊசிக்கு மூன்று தரம் மெசேஜ் அனுப்பத் தெரிகிறது. எழுபத்தெட்டு வயது மனுசியின் பிரஷர் குளிசையை நிறுத்தினதுக்கு ஒரு வரி அனுப்பத் தெரியாதா?

மீளாய்வுக்கு நேரம் எடுக்கக் காலை எட்டு மணிக்கு அழைக்க வேண்டும். வெள்ளி பூட்டு, சனி ஞாயிறு பூட்டு, திங்கள் ஈஸ்டர் விடுமுறை. செவ்வாய் எட்டுக்கு அழைத்தேன். வரிசையில் நான் 23ஆவது. என் முறை வந்தபோது எட்டு நாற்பது. அன்றைய இடங்கள் முடிந்துவிட்டன, நாளைக்கு எட்டுக்கு அழைக்கட்டாம்.

அன்று பின்னேரம் அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். குளிசை எல்லாம் அதுக்குள்தான் இருக்கும். அடியில் ஒரு டிஷ்யூவுக்குள் அரைவாசி அரைவாசியாக வெட்டின அம்லோடிபின் ஐந்து துண்டு. காய்கறி வெட்டும் கத்தியால் வெட்டியிருக்கிறா, ஓரமெல்லாம் மா மாதிரி உதிர்ந்து கிடந்தது. "நீ வேலைக்கும் ஓடி இதுக்கும் ஓடுறாய் பிள்ளை. அரைவாசி போட்டால் கொஞ்ச நாளைக்குக் காணும் எண்டு பார்த்தன்" என்றா. மெஷினைக் கட்டிப் பார்த்தேன், பிரஷர் 172.

உடனே பாமசிக்கு ஓடினேன். பாமசிக்காரர் அம்மாவின் பழைய பெட்டியைப் பார்த்துவிட்டு, டொக்டரின் சீட்டில்லாமலே அவசரத்துக்குக் கொடுக்க அவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லி ஏழு நாளுக்குத் தந்தார். வியாழக்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவரோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. போகும்போது இன்னொன்றும் சொன்னார். மாறாத மருந்துக்கு டொக்டர் ஒரே தரத்தில் 12 மாதம் வரைக்கும் அனுமதி கொடுத்துவிடலாம், பாமசி மாதாமாதம் எடுத்துக் கொடுக்கும், இடையில் சேர்ஜரியைக் கேட்கவே தேவையில்லை. ரிப்பீட் டிஸ்பென்சிங் என்று பெயர். பல வருஷமாக இருக்கிறதாம். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை ஒருவழியாக மீளாய்வு நடந்தது. போனில், நான்கு நிமிடம். "எல்லாம் அப்படியே தொடரட்டும்" என்றார் டொக்டர். இந்த 12 மாத ஏற்பாட்டைக் கேட்டேன். நல்ல யோசனை, ரிசெப்ஷனில் எழுத்தில் கொடுங்கோ என்றார். கொடுத்தேன். பதிலுக்கு இரண்டு கிழமையாகுமாம். டின்னில் ஆறு நாளுக்குக் கிடக்கிறது. கத்தியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.