வீணையை அழித்துவிட்டு வீணை வகுப்பா?

வீணை வகுப்பில் வீணையே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது என்ன வகுப்பு? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் அமர்ந்து, இணையக் காணொளி வழியாகப் பினாங்கிலும் ஈப்போவிலும் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பை நடத்தும் நிறுவனத்தின் கட்டளை இது: ஆசிரியர்கள் எல்லோரும், பின்னால் இருக்கும் அறையை மறைத்து நிறுவனத்தின் சின்னம் போட்ட படத்தைக் காட்டும் மெய்நிகர் பின்னணியைத்தான் வைக்க வேண்டும். அதை வைத்ததுமே வீணையின் உருண்டையான குடம் பாதி கரைகிறது, நீண்ட கழுத்தான தண்டி காணாமல் போகிறது, அதன் நுனியில் இருக்கும் யாளி முகம் தோன்றித் தோன்றி மறைகிறது. என் இடது கை விரல்கள் மட்டும் அந்தரத்தில் எதையோ தடவிக்கொண்டிருக்கின்றன.

வீணையில், கம்பியை அழுத்தி ஸ்வரம் எழுப்பும் மெட்டுகள் 24. விரல் எந்த மெட்டில் நிற்கிறது, கம்பியை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்காமல் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தை ஒரு குழந்தை எப்படிப் பிடிக்கும்? "டீச்சர், எந்த மெட்டு?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்கிறார்கள். பாவம், அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆதி தாளத்துக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என எண்ணிக் காட்டினால், கை அசைகிற வேகத்தில் விரல்களும் சேர்ந்தே கரைந்துவிடுகின்றன.

புகார் சொன்னால் வருகிற பதில்: "உங்கள் வீட்டில் வெளிச்சம் போதவில்லை." வெளிச்சத்தையும் சரி செய்தாயிற்று! இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60-இல் இருந்தால் குழல்விளக்கின் கீழ் படத்தில் பட்டைகள் ஓடும். மாற்றினேன், பட்டைகள் நின்றன. சன்னலைப் பார்த்துத் திரும்பி அமர்ந்தேன், கூந்தல் ஓரத்தில் இருந்த நடுக்கம் குறைந்தது. வீணை மட்டும் வரவில்லை. எப்படி வரும்? படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஆளா, ஆள் இல்லையா என்று ஊகிப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. மனித உருவத்தை வெட்டியெடுக்கப் பழக்கிய அதற்கு என் மடியில் இருக்கும் வீணையும் சுவரும் ஒன்றுதான். பின்னணியை மங்கலாக்கும் வசதிக்குப் போனாலும் அதே வெட்டுதான், அப்போது வீணை மங்கிப்போகிறது.

அடுத்த அறிவுரை, பச்சைத் துணி கட்டுங்கள் என்பது. நிறத்தைப் பார்த்து நீக்குவதால் அதில் வீணை தப்பும், உண்மைதான். ஆனால் நான்கடி வீணையுடன் தரையில் அமர்பவருக்குச் சுவரில் மட்டும் கட்டினால் போதுமா? தரையிலும் விரிக்க வேண்டும். அந்தப் பச்சை, மெருகேற்றிய பலா மரத்திலும் பித்தளை மெட்டுகளிலும் பட்டுத் தெறிக்கும். தெறித்த இடமெல்லாம் ஓட்டை விழும். பச்சைப் பட்டுப் புடவை கட்டினால் என் உடம்பே இருக்காது. இத்தனைக்கும் துணி என் செலவில்!

ஒலியிலும் இதே அநியாயம்தான். பேச்சை மட்டும் காப்பாற்றும் இரைச்சல் நீக்கி, நீண்டு ஒலிக்கும் நாதத்தை மின்விசிறிச் சத்தம் போலப் பாதியில் அறுக்கிறது. அதையாவது அணைக்க அனுமதித்தார்கள்.

என் பின்னால் இருப்பது சாமி மாடமும் துணிக்கொடியும். எந்தப் பெற்றோரும் அதைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. சின்னம் அவ்வளவு முக்கியம் என்றால் அச்சடித்து அனுப்புங்கள், சுவரில் ஒட்டிவைக்கிறேன். முதல் பாடமான சரளி வரிசையை முடித்து, அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்கு வந்திருக்கும் பிள்ளைகளை இதற்கு மேல் குருடாக்க என்னால் முடியாது. இந்த வாரம் முதல் பின்னணியை அணைத்துவிட்டுத்தான் வகுப்பு. கட்டளையை மீறியதாக எழுதிக்கொள்ளுங்கள்.